சத்தம் அப்புறம் சேத்துக்கலாமாம்

2019இல் சென்னையில் ஒரு மாணவர் எடுத்த குறும்படத்தில் பறையடிப்பவனாக நடிக்கப் போனேன். விடியற்காலை வரச்சொல்லிவிட்டு மதியம்தான் கேமரா முன்னால் நிறுத்தினார்கள். இருக்கிற கறுப்பு போதாதென்று முகத்தில் கரி வேறு.

"தோலக் காய்ச்சணும் தம்பி, கொஞ்சம் வைக்கோல் குடுங்க" என்றேன்.

"நேரமில்லண்ணே. சத்தம் அப்புறம் சேத்துக்கலாம். நீங்க கைய மட்டும் ஆட்டுங்க. இன்னும் கொஞ்சம் குனிங்க."

எங்கப்பா சாவுக்கு அடிக்கும்போதும் நிமிர்ந்துதான் அடிப்பார். குனிந்தால் பறை உடம்பைவிட்டு விலகித் தொங்கும், குச்சி தப்பும். சொல்லிப் பார்த்தேன். "சீனுக்கு அதுதாண்ணே வேணும்" என்றார். சாதிக்கு எதிரான படமாம்!

நிமிர்ந்தே அடித்தேன். ஏழு டேக். எட்டாவதில் கையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

படத்தில் என் முகமில்லை. சத்தமும் என்னுடையதில்லை. நம்ம கதையை எடுக்க வருகிறவர்கள் முதலில் தோல் காயும்வரை காத்திருக்கட்டும்.