ஜமுனாமரத்தூர் காது முகாம்

நவம்பர் 11, 2024, திங்கள்
பள்ளி வகுப்பறைதான் பரிசோதனை அறை. தகரக் கூரையில் மழை அடித்த அடியில் ஆடியோமீட்டரை மூடிவைக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளில் பலருக்குக் காதில் சீழ். துடைத்துச் சொட்டு மருந்து விட்டால் சீழ் நிற்கும். செவிப்பறை ஓட்டையைப் பிறகு அறுவையில் அடைக்கலாம். இதெல்லாம் சரியாகிற செவிடு.

நவம்பர் 12, செவ்வாய்
சாமை அறுப்பைப் போட்டுவிட்டு ஒரு பெரியவர் வந்தார். "முன்ன டிபிக்கு ஊசி போட்டாங்கம்மா. அதுலேர்ந்து காதுல குய்யின்னே இருக்குது. பேத்தி பேசறதும் வெளங்கல." செவிப்பறை பளிச்சென்று இருக்கிறது, கோளாறு உள்காதில். கானாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள் ஒலியை உணரும் மயிர்ச்செல்களைக் கொல்லக்கூடியவை. ஒரு காதில் இருப்பதே சுமார் 15,000 செல். செத்தால் மறுபடி முளைக்காது. இப்போது பெடாகுவிலின் மாத்திரை வந்து அந்த ஊசிகளுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. இவருக்குக் காது மெஷின் எழுதிக்கொடுத்தேன்.

நவம்பர் 13, புதன்
இரவு, உள்காதுக்கு மருந்து கொண்டுபோகும் நானோ துகள் ஆய்வுகளைப் படித்தேன். ரத்தத்தில் போகும் மருந்தை உள்காதின் தடுப்பு எளிதில் விடாது. நடுக்காதில் ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் பெரும்பகுதி தொண்டைக்கு இறங்கிவிடும், மிச்சம் உள்காது வாசலில் உள்ள 0.07 மில்லிமீட்டர் தடிமனுள்ள சவ்வைத் தாண்ட வேண்டும். பிஎல்ஜிஏ என்னும் கரையும் பாலிமர் துகளில் அடைத்தால் மருந்து மெல்லக் கசியும். மேரிலாந்தில் பெஞ்சமின் ஷாபிரோ குழு, ஸ்டீராய்டு ஏற்றிய இரும்பு ஆக்சைடு துகள்களைக் காந்தத்தால் உள்ளே செலுத்தி, சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்தால் சுண்டெலிகளுக்கு வரும் கேள்திறன் இழப்பைக் குறைத்தது. ஐரோப்பாவில் 2006இலேயே இதற்காக 'நானோஇயர்' திட்டம் தொடங்கியது. மனிதருக்கு அனுமதியான உள்காது நானோ மருந்து இன்னும் வரவில்லை.

நவம்பர் 14, வியாழன்
"முந்தாநாள் எந்திரிச்சதுலேர்ந்து இடது காது அடைச்சிருக்குது. அழுக்குன்னு எண்ணெய் விட்டேன்," என்றார் ஒரு அம்மா. அழுக்கே இல்லை. டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தேன்; வலது பக்கம்தான் கேட்கிறது என்றார் அந்த அம்மா. அப்படியென்றால் நரம்புக் கோளாறு. உடனே ஸ்டீராய்டு கொடுத்து வேலூருக்கு அனுப்பினோம். இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம்.

நானோ துகள் நாளைக்கே வந்தாலும், அது கொண்டுபோகும் ஸ்டீராய்டு உயிரோடிருக்கும் செல்லைத்தான் காக்கும். எண்ணெய் விட்டுக் காத்திருக்கும் நாட்களை எந்தத் துகளும் திருப்பித் தராது.

நவம்பர் 15, வெள்ளி
கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கு ஃபோர்க் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, அதை அவரிடமே விட்டுவிட்டேன். திடீரென ஒரு காது அடைத்து, நல்ல காதுப் பக்கமே சத்தம் கேட்டால், அன்றைக்கே பஸ் ஏற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.