ஊஸ் நதியில் ஒரு கணப்பு

குளிர் என்பது யாதென்று நூல்களிற் படித்து அறிவது வேறு. ஒரு சிறு படகின் அறையிலே படுத்துறங்கி அறிவது வேறு. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகில் நெருக்குண்டு நின்று, சிறிது காற்று வராதா என்று ஏங்கிப் பழகியவர் நாம். படகினுள்ளே நெருப்பு வேண்டுமென்று ஒருவர் கவலைப்படுவார் என்பது நமக்கு வேடிக்கையாகவே தோன்றியது. இங்கிலாந்தின் வடபாகத்திலுள்ள யோர்க் நகரை அடுத்து, ஊஸ் நதியிலே ஓர் ஒக்டோபர் இரவைக் கழித்த பின்னரே அவ்வேடிக்கை நம்மை விட்டு நீங்கிற்று.

யோர்க் நகருக்குத் தெற்கே சில மைல் தொலைவில் நாபேண் என்றொரு சிற்றூர் உண்டு. கடலின் வற்றும் பெருக்கும் நதி வழியே ஏறி வருவதைத் தடுப்பதற்காக 18-ஆம் நூற்றாண்டில் அங்கே அணை கட்டினர். படகுகள் ஏறி இறங்குவதற்கு இருபுறமும் கதவுகளுள்ள நீர்த்தொட்டி ஒன்றையும் அமைத்தனர். அவ்வணைக்குக் கீழே நதி கடலோடு சேர்ந்து மூச்சு விடுகின்றது. மேலே நம்மூர்க் குளம்போல் அமைதியாகக் கிடக்கின்றது. அந்த அமைதியான பகுதியிலேதான் நம் நண்பரின் படகு கட்டப்பட்டிருந்தது. நண்பர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவரது படகோ ஏழு மீற்றர் நீளம். கண்ணாடி நாரிழையால் வார்க்கப்பட்டது. பின்புறம் சிறியதொரு டீசல் இயந்திரம். முன்புறம் மூவர் நெருங்கிப் படுக்கக்கூடிய அறை.

முதல் நாளிரவு நாம் மூன்று கம்பளிகளைப் போர்த்தும் நடுங்கினோம். நள்ளிரவில் நெற்றியிலே நீர்த்துளி ஒன்று விழுந்தது. மழையோ என்றெண்ணி வெளியே நோக்கினால் வானத்தில் நட்சத்திரங்கள் மின்னின. மழை உள்ளேதான் பெய்துகொண்டிருந்தது! நாம் விட்ட மூச்சின் ஈரம், தேநீர் கொதித்த ஆவி, நனைந்த மேலங்கியின் ஈரம் யாவும் குளிர்ந்த கூரையிற் பட்டு, நீராகித் திரும்பி வந்தன. குளிரைவிட இந்த ஈரமே கொடியது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். படுக்கை பூஞ்சணம் பிடிப்பது இதனாலேயே.

“இக்குளிர்காலத்திற்கு முன் ஒரு கணப்பு வைத்தே தீரவேண்டும், நீங்களும் உதவி செய்யுங்கள்” என்றார் நண்பர். அருகிருந்த அவர்தம் மனைவியார், “வையுங்கள். ஆனால் அதனோடு நான் அச்சமின்றித் துயில முடியுமென்றால் மாத்திரமே இப்படகில் இனி இரவு தங்குவேன்” என்றார்.

அம்மையார் அவ்வாறு கூறியதற்குக் காரணம் இருந்தது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இதே ஊஸ் நதியில், யோர்க் நகரிலே கட்டி நின்ற ஒரு மோட்டர்ப் படகினுள் இருவர் உயிரற்றுக் கிடந்தனர். டீசல் வெப்பமூட்டியின் புகைக்குழாய் இணைப்பு விட்டுப்போக, அறையினுள் நச்சுவாயு நிறைந்ததே காரணமென விசாரணையாளர் கண்டனர். படகில் எச்சரிக்கை மணி இருக்கவில்லை. உறங்குமிடமுள்ள படகுகளில் அம்மணி வேண்டுமென்ற விதி, அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்திலேயே படகுப் பாதுகாப்புச் சோதனையிற் சேர்க்கப்பட்டிருந்தது. விதி வந்தது, மணி அப்படகை வந்தடையவில்லை.

எதைத் தேர்வது?

மறுநாள் முழுவதும் நண்பரும் நாமும் தேநீர்க் கோப்பைகளோடு இவ்வாராய்ச்சியிலே ஈடுபட்டோம்.

முதலில் நினைவுக்கு வந்தது கரியடுப்பு. இங்கிலாந்தின் கால்வாய்களிலே நீண்டு ஒடுங்கிய படகுகளில் வாழ்வோர் இதனையே பெரிதும் விரும்புகின்றனர். மின்சாரம் வேண்டியதில்லை, அறையும் நன்கு உலரும், தழலைப் பார்த்திருப்பதே ஓர் ஆறுதல். ஆனால் அதற்கு நேராக மேலெழும் புகைபோக்கி வேண்டும். சுற்றிலும் தீப்பற்றாத இடைவெளி வேண்டும். இரும்பின் பாரத்தைத் தாங்கும் இடம் வேண்டும். ஏழு மீற்றர்ப் படகில் அத்தனைக்கும் இடம் கொடுத்தால், மனிதர் கரையிலேதான் உறங்கவேண்டி நேரும்.

அடுத்தது, கையிலே தூக்கிவைக்கும் சிறு வாயு அடுப்பு. விலை மிகக் குறைவு. ஆயின் அதற்குப் புகைக்குழாய் கிடையாது. ஒரு கிலோ வாயு எரியும்போது ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி பிறக்கின்றது. ஈரத்தை ஓட்ட வந்தவனே ஈரத்தைச் சுமந்து வந்த கதையாக முடியும். அதுமட்டுமன்று; நாம் சுவாசிக்க வேண்டிய ஒட்சிசனை அது உண்டு, தன் கழிவை நம் அறையிலேயே விடுகின்றது. வாயு கசிந்தாலோ, காற்றினும் பாரமாகையால் படகின் அடிப்பள்ளத்திலே தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்துக் கிடக்கும்.

மின்சாரக் கணப்பு துறையிலே கட்டியிருக்கும்போது நன்று. நதியின் நடுவே நங்கூரமிட்டால் மின்கலத்தையே நம்பவேண்டும். ஒரு கிலோவாற்றுக் கணப்பு, 12 வோல்ற்று மின்கலத்திலிருந்து 80 அம்பியருக்கு மேல் இழுக்கும். நண்பரிடமிருந்ததோ நூறு அம்பியர்-மணி மின்கலம். ஒரு மணித்தியாலம் நிற்பதே அரிது. பின்னர் இயந்திரத்தையும் இயக்கமுடியாது.

இறுதியில் எஞ்சியது டீசலில் இயங்கும் வெப்பக்காற்றுக் கருவி. படகின் எரிபொருள் தாங்கியிலிருந்தே அது எண்ணெயைப் பெறும். இரண்டு கிலோவாற்று வலுவுடையது முழுமூச்சாக எரிந்தாலும் மணிக்குக் கால் லீற்றர் அளவே செலவாகும். மூட்டும்போது சில நிமிடங்கள் பத்து அம்பியர் வரை வேண்டும். பின்னர் ஓரிரண்டு அம்பியரே போதும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது அதன் அமைப்பு. தீ மூடிய அறையொன்றினுள் எரிகின்றது. அதற்கு வேண்டிய காற்று ஒரு குழாயால் வருகின்றது. புகை மற்றொரு குழாயால் வெளியே போகின்றது. நமது அறைக்காற்று அத்தீயைத் தீண்டாமல், சூடான உலோகத்தின் மேற்புறத்தைத் தடவி வெப்பம் பெற்று மீளுகின்றது. நெருப்பும் நாமும் ஒரு வீட்டில் வாழ்ந்தாலும் ஒரே மூச்சை விடுவதில்லை.

பொருத்தியதும் கற்றதும்

நண்பர் ஏற்கெனவே லொறிகளுக்கென்று செய்யப்பட்ட மலிவான கருவி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். “எரிவது ஒன்றுதானே, லொறியானால் என்ன, படகானால் என்ன?” என்பது அவரது வாதம். நாமும் அதற்குத் தலையசைத்தோம்.

பின்புறத்துப் பெட்டகத்தினுள் கருவியை நிறுத்தினோம். எண்ணெய்த் தாங்கியிலிருந்து தனிக்குழாய் இழுத்து, அளவாக எண்ணெய் தள்ளும் சிறு பம்பியை மேல்நோக்கிச் சாய்த்துப் பூட்டினோம். அது இதயம்போல் ‘டிக், டிக்’ என்று அடிக்கும். தடித்த மின்கம்பியும் உருகியும் வைத்தோம். அறைக்கு வரும் காற்றை இயந்திரத்தருகிலிருந்து எடுக்கலாகாது. எண்ணெய் நாற்றமும் நச்சுப்புகையும் உடன்வரும். ஆகவே அதனை அறையிலிருந்தே எடுத்து அறைக்கே திருப்பினோம். புகைக்குழாய் சில நூறு பாகை வரை சூடேறும். அதற்குக் கண்ணாடி நாரிழை உறை அணிவித்தோம். அலை உள்ளே ஏறாதிருக்க அன்னத்தின் கழுத்துப்போல் ஒருமுறை உயர்த்தி வளைத்து, பின்பலகையிலே நீர்மட்டத்திற்கு மேலே இரட்டைச் சுவருள்ள உலோக வாயின் வழியாக வெளியேற்றினோம்.

எல்லாம் முடிந்ததும் கருவியை மூட்டினோம். அறையிலே இதமான வெப்பக்காற்று வந்தது. நண்பரின் முகத்திலே வெற்றிப் புன்னகை. அம்மையார் ஒன்றும் பேசாது, படகுகளுக்கென விற்கப்படும் எச்சரிக்கை மணியைக் கையிலெடுத்து, பெட்டகத்தின் மூடியைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். ஐந்து நிமிடமும் ஆகவில்லை. மணி வீரிட்டு அலறிற்று.

நாம் திகைத்துப்போனோம். ஒரு நாற்றமில்லை, கண்ணெரிச்சலில்லை. காபனோரொட்சைட்டின் இயல்பே அதுவாகும். நிறமும் மணமும் சுவையும் அதற்கில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். முதலிலே தலையிடி, பின்பு குமட்டல், பின்பு தூக்கம். படகிலுள்ளவர் அதனை அலைச்சலின் களைப்பென்றே எண்ணிப் படுத்துவிடுவர். அந்தத் தூக்கமே இறுதித் தூக்கமாகிவிடலாம்.

குற்றம் எங்கே என்று தேடினோம். புகைக்குழாயின் நடுவே சத்தத்தைக் குறைக்கும் சைலென்சர் ஒன்று இருந்தது. அதன் மடிப்புகள் காற்றிறுக்கமானவை அல்ல. நீர் வடிவதற்கெனச் சிறு துளையும் அதில் இருந்தது. லொறியிலே அது வண்டிக்கு அடியில், வெட்டவெளியில் தொங்கும். கசிந்தாலும் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். படகிலே நாம் அதனை மூடிய பெட்டகத்தினுள் வைத்தோம். பெட்டகத்திற்கும் நம் தலையணைக்கும் இடையே ஒரு பலகையும் சில கம்பித் துளைகளுமே தடுப்பு. கருவி பொல்லாததன்று, அதை வைத்த இடமே பொல்லாதது.

“யாரையேனும் ஏசவேண்டுமானால் நான் கண்ணாடி முன்னேதான் நிற்கவேண்டும்” என்றார் நண்பர். அன்றே யாவற்றையும் கழற்றினார். படகுகளுக்கென்றே செய்யப்பட்ட, காற்றிறுக்கமான சைலென்சரும் குழாயும் இறுக்கு வளையங்களும் வாங்கி வந்தார். இம்முறை ஒவ்வோர் இணைப்பையும் அம்மையாரே தம் கையால் அசைத்துப் பார்த்தார். மறுபடி மூட்டினோம், மணியைப் பெட்டகத்தில் வைத்தோம். ஒரு மணித்தியாலம் கடந்தும் அது வாய் திறக்கவில்லை. பின்னரே அதனை அறையினுள், படுப்பவரின் தலைமட்டத்திலே பொருத்தினோம்.

நதிவழி யோர்க் நகருக்கு

மறுநாட் காலை கயிற்றை அவிழ்த்தோம். நதியின் மீது வெண்பனி படர்ந்திருந்தது. இடக்கரையிலே, 13-ஆம் நூற்றாண்டு முதல் யோர்க் பேராயரின் இருப்பிடமாயுள்ள பிஷப்தோர்ப் மாளிகை நீரிலே தன் நிழலைப் பார்த்து நின்றது. 2001-இல் திறக்கப்பட்ட மிலேனியம் பாலத்தின் கீழே நடப்போரும் சைக்கிளோடுவோரும் நமக்குக் கையசைத்தனர். பழைய பாலங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து, நகரின் நடுவே லெண்டல் பாலத்தருகே படகைக் கட்டினோம்.

யோர்க்கில் பார்க்கவேண்டியவை பல. நாம் முதலிற் சென்றது சென். சாம்சன் சதுக்கத்திலுள்ள ஒரு விடுதிக்கு. அதன் அடித்தளத்திலே உரோமர் காலத்துக் குளிப்பு மண்டபத்தின் எச்சங்கள் உள்ளன. கி.பி. 71-ஆம் ஆண்டளவில் இந்நகரை நிறுவிய உரோமப் படைவீரரும் நம்மைப்போலவே வெயில்நாட்டின் நினைவோடு இங்கு நடுங்கியிருப்பர். அவர் கண்ட உபாயம் யாது? தரையைச் சிறு செங்கற்றூண்களின் மேல் உயர்த்தி அமைத்தனர். அறைக்கு வெளியே தீ மூட்டினர். சூடும் புகையும் தரையின் கீழே ஓடி, சுவரினுள்ளே பதித்த ஓட்டுக்குழாய்களால் மேலேறி வெளியேறின. உள்ளே இருந்தவருக்கு வெப்பம் கிடைத்தது, புகை கிடைக்கவில்லை. நண்பர் அத்தூண்களை நெடுநேரம் நோக்கி நின்று, “நம் பெட்டகத்தில் இருப்பதும் இதுவே, நான்தான் பிந்திக் கற்றேன்” என்றார்.

அன்று மாலை நதியோரமாக நடந்தபோது, 2019-இல் மாண்ட இருவரையும் நினைத்துச் சிறிது நேரம் மௌனமாய் நின்றோம். அவர்களும் ஒரு குளிரிரவிற் சற்றே இதம் தேடியவர்களே. நீர் எதனையும் நினைவில் வைத்துக்கொள்ளாதது போல ஓடிக்கொண்டிருந்தது.

இரவு படகிற்குத் திரும்பினோம். பம்பி ‘டிக், டிக்’ என்று அடித்தது. கூரையிலே ஒரு துளி ஈரமில்லை. ஜன்னலை விரலளவு திறந்து வைத்தோம். வெப்பமூட்டி இருப்பினும் காற்றோட்டம் வேண்டும் என்பது அம்மையாரின் கட்டளை. கருவியை நிறுத்தும்போது மின்சாரத்தைச் சட்டெனத் துண்டிக்கலாகாது. அது தன் விசிறியைச் சில நிமிடங்கள் ஓட்டித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும் என்பதையும் அவர் நமக்கு நினைவூட்டினார். பின்னர், அந்தப் படகில் முதன்முதலாக உறங்கியவர் அவரே.

நம் நாட்டில் படகுக்குக் கணப்பு தேவையில்லை என்பது உண்மை. ஆயினும் நுவரெலியாவின் குளிரிலே கதவடைத்து, அறையினுள் கரிச்சட்டி வைத்துத் துயில்வதும், மின்தடையின்போது ஜெனரேற்றரை விறாந்தையில் இயக்கிவிட்டு உள்ளே படுப்பதும் ஊஸ் நதியின் அதே ஆபத்தை வீட்டுக்கு அழைப்பதாகும். வெப்பம் எவ்வளவு தரும் என்று கேட்குமுன், புகை எவ்வழியே போகும் என்று கேளுங்கள். நாம் அக்கேள்வியை ஒரு நாள் பிந்திக் கேட்டோம்; அம்மையார் முந்திக் கேட்டிருந்தமையால், இன்று இதனை எழுத நாம் இருக்கின்றோம்.