உறக்கம் வராத பிள்ளையும் விடியற்காலைப் படிப்பும்

விடியற்காலையில் படித்தால் மனத்தில் பதியும் என்பது இந்தியக் குடும்பங்களில் தலைமுறைகளாக வழங்கிவரும் அறிவுரை. பலருக்கு அது பயன் தருகிறது. ஆனால் ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உள்ள பதின்வயதினருக்கு அதுவே பெரும்பாலும் தண்டனையாக முடிகிறது.

பருவமடையும் காலத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குகிறது. பத்து மணிக்குப் படுத்தும் உறக்கம் வராமலிருப்பது அந்த வயதின் இயல்பு. ஏடிஎச்டி உள்ளவர்களில் பலருக்கு இத்தாமதம் இன்னும் மிகுதி. படுத்த பின்னும் ஓயாத எண்ணங்களும் கைபேசி தரும் உடனடிக் கிளர்ச்சியும் அதை மேலும் நீட்டிக்கின்றன. 13 முதல் 18 வயது வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. ஒரு மணிக்குக் கண்ணயர்ந்து ஐந்து மணிக்கு எழுப்பப்படும் பிள்ளைக்கு அதில் பாதிக்கு மேல் கிட்டுவதில்லை.

உறக்கம் குறைந்தால் எவருக்கும் மறதி, எரிச்சல், கவனச் சிதறல் ஆகியவை தோன்றும். ஏடிஎச்டியின் அறிகுறிகளும் இவையே. ஆகவே உறக்கமின்மை ஏற்கெனவே உள்ள இடரை இரட்டிப்பாக்குகிறது. வீடும் பள்ளியும் அந்தக் கூட்டுவிளைவைப் பார்த்துச் 'சோம்பேறி' என்று பெயர் சூட்டிவிடுகின்றன.

நாட்டின் கடிகாரத்துக்கும் இதில் பங்குண்டு. அருணாசலப் பிரதேசம் முதல் குஜராத் வரை ஒரே நேரம். கதிரவன் தாமதமாக மறையும் பகுதிகளில் குழந்தைகள் தாமதமாக உறங்குகின்றனர். பள்ளி மணியோ அதற்கேற்பத் தள்ளிப்போவதில்லை. சராசரி மறைவு ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாமதமானால் குழந்தைகளின் உறக்கம் அரை மணி நேரம் குறைகிறது எனப் பொருளியலாளர் மௌலிக் ஜக்னானியின் ஆய்வு காட்டியது.

இத்தகைய பிள்ளையிடம் மனவுறுதியை மட்டும் கோருவதில் பயனில்லை. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் பிலிப் ஷா குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஏடிஎச்டி உள்ள குழந்தைகளின் மூளைப் புறணி முதிர்ச்சி சராசரியாக மூன்று ஆண்டுகள் பின்தங்கியிருந்தது. திட்டமிடலையும் தன்னடக்கத்தையும் ஆளும் முன்நெற்றிப் பகுதியில் இத்தாமதம் மிகத் தெளிவாகக் காணப்பட்டது. உள்ளே வலுப்பெற நாளாகும் ஒழுங்கை அதுவரை வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும்; கட்டடம் இறுகும்வரை சாரம் நிற்பதைப் போல.

அந்தச் சாரம் எளிய பொருள்களால் ஆனது. ஞாயிறன்றும் பெரிதும் மாறாத எழும் நேரம்; எழுந்ததும் சிறிது வெயில்; இரவே அடுக்கி வாசலருகே வைத்த புத்தகப்பை; படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றப்படும் கைபேசி; இருபது நிமிடப் படிப்பு, சிறு இடைவெளி, மீண்டும் இருபது நிமிடம்; அருகில் தம் வேலையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் ஒரு பெரியவர். ஊக்கி மருந்து எடுப்பவராயின், அதை உட்கொள்ளும் வேளை உறக்கத்தைப் பாதிக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பதும் இதில் அடங்கும்.

கடினமான பகுதி வேறு. இந்தியாவின் பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்குத் தனியறை இல்லை. தந்தை பணி முடிந்து திரும்புவதும், இரவு உணவும், தொலைக்காட்சித் தொடரும் ஒரே கூடத்தில் நிகழ்கின்றன. ஒன்பதரை மணிவரை டியூஷனில் இருந்துவிட்டு வரும் சிறுவன் மட்டும் பத்து மணிக்கு உறங்கிவிட இயலாது. அவன் நேரம் ஒழுங்குபட வேண்டுமானால் வீட்டின் விளக்கும் ஒலியும் முதலில் ஒழுங்குபட வேண்டும். பெற்றோர் பலர் தயங்கி நிற்கும் இடம் இதுவே.

சட்டத்தின் துணையும் இங்கே மெலிதாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளன. ஏடிஎச்டிக்குத் தனியிடம் இல்லை. சட்டம் மாறும்வரை பொதுத்தேர்வுகள் காத்திருக்கப்போவதில்லை. வீடு இன்றிரவே செய்யக்கூடியது ஒன்றுண்டு: நாளை ஐந்து மணிக்கு வைத்திருக்கும் அலாரத்தை ஆறரைக்கு மாற்றி, தொலைக்காட்சியை ஒன்பதரைக்கே அணைத்துவிடலாம்.