டெபன் ஆற்றில் நங்கூரமிட்ட இரவுகள்

இங்கிலாந்தின் சஃபோக் கரையில் வடகடலோடு கலக்கிறது டெபன் ஆறு. முகத்துவாரத்திலிருந்து உட்பிரிட்ஜ் ஊர்வரை பத்துக் கடல்மைல்கூட இராது. அந்தச் சின்ன ஆற்றில்தான் ஐந்து கோடைகளைக் கழித்தேன், அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவரின் பாய்மரப் படகில். அடியில் இரட்டை ஏரா வைத்த படகு அது. தண்ணீர் வற்றினால் சாயாமல் சேற்றில் கால் ஊன்றி நிற்கும்.

உள்ளே நுழைவதுதான் பெரும்பாடு. ஆற்றின் வாயில் கூழாங்கல் திட்டு. குளிர்காலப் புயல்கள் அதை இடம் மாற்றிவிடும். போன ஆண்டு போன வழி இந்த ஆண்டு இருக்காது. ஏற்றம் பாதி வந்தபிறகே நுழைவோம். இடப்புறம் ஃபெலிக்ஸ்டோ ஃபெர்ரி. வலப்புறம் மரங்களுக்கு நடுவே பாட்சி மாளிகை. 1930களில் ராடாரை உருவாக்கியவர்கள் வேலை செய்த இடம். அதைத் தாண்டினால் அலை அடங்கும். எங்கள் பேச்சும் தானாகத் தணியும்.

ராம்ஷோல்ட்டில் மிதவைகள் வரிசையாக உண்டு. அனுமதி கேட்டு ஒன்றில் கட்டிக்கொள்ளலாம். பெரியவருக்கு அது பிடிக்காது. இன்னும் சற்று மேலே, 'தி ராக்ஸ்' என்ற வளைவுக்குப் போவார். மணல் கரை, நீரை ஒட்டி மரங்கள். நம்மூரில் கொண்டல் மழையோடு வரும். அங்கே கீழ்க்காற்று வடகடலின் குளிரையெல்லாம் வாரிக்கொண்டு வரும். அந்த மரங்களின் மறைவில் மட்டும் அது நம்மைத் தொடாது.

"இப்போது இருக்கும் ஆழத்தைப் பார்க்காதே. ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது எவ்வளவு ஆழமோ, அதைப்போல நான்கு மடங்கு சங்கிலி விடு" என்பார். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீர் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் ஆறு அது.

ஒரு விடியலில் நங்கூரம் அடியிலிருந்த கல்லில் மாட்டிக்கொண்டது. இருவரும் இழுத்தோம், அசையவில்லை. நான் பதறினேன். அவர் நீர் முழுக்க வற்றும்வரை காத்திருந்து, சங்கிலியை முன்பக்கத்தில் இறுக்கிக் கட்டிவிட்டுத் தேநீர் போட்டார். ஏற்றம் தொடங்கியது. படகின் மூக்கு மெல்ல மெல்ல அமிழ்ந்தது. சேற்றில் கர்லூ பறவைகள் நீண்ட அலகால் கிளறிக்கொண்டிருந்தன. திடீரென்று படகு துள்ளி நிமிர்ந்தது. எங்கள் நான்கு கைகளால் முடியாததை ஆறு செய்துவிட்டது.

உட்பிரிட்ஜின் எதிர்க்கரையில் சட்டன் ஹூ என்ற பழங்காலப் புதைமேடு. 1939இல் தோண்டியபோது 27 மீட்டர் நீளக் கப்பலின் தடம் கிடைத்தது. மரம் மட்கிப்போயிருந்தது, இரும்பு ஆணிகள் வரிசை குலையாமல் இருந்தன. அதையும் இந்த ஆற்றிலிருந்துதான் மேட்டுக்கு இழுத்திருக்க வேண்டும். அந்தக் கரையைக் கடக்கும்போதெல்லாம் பெரியவர் தொப்பியைக் கழற்றுவார்.

அவர் இறந்தபின் படகை விற்றுவிட்டார்கள். கடைசியாகப் போனபோது கரைவழியே ராம்ஷோல்ட் வரை நடந்தேன். நீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். மிதவைகளில் கட்டிய படகுகள் எல்லாம் ஓட்டத்தை எதிர்த்து உட்பிரிட்ஜ் பக்கம் பார்த்து நின்றன. படித்துறையில் உட்கார்ந்தேன். ஏற்றம் வந்து, ஒவ்வொன்றாகத் தலைதிருப்பி அவை கடலைப் பார்க்கும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை.