ஓரத்தில் எழுதிய பெயர்கள்

கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டை ஒட்டிய சிறு கல்லூரி அது. பதிவறைக்குள் நுழைந்ததும் மைதாப் பசையின் வாடை அடித்தது. மயில்துத்தம் கலந்த பசை கிண்ணத்தில் நீலம் பாரித்துக் கிடந்தது. அதைச் சேர்த்தால் இராமபாணப் பூச்சி அண்டாது என்றார் பைண்டர். அறுபதைத் தாண்டியவர், சிவகாசியில் தொழில் பழகியவர். எதிரே பதிவறை எழுத்தரான ஓர் அம்மா, பரணிலிருந்து இறக்கிய பதிவேடுகளை ஆண்டுவாரியாகத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தார். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது. துறைவாரியாக ஆசிரியர் பட்டியல் வேண்டுமாம்.

அலமாரிகளின் அடித்தட்டு எல்லாம் காலி. கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் ஊறி உப்பும். சுவர் விரியும், ஈரம் ஏறும், பின்னாலேயே கரையானும் வரும்.

இந்தப் பக்கத்துக் கல்லூரிக் காகிதங்களில் ஊர் நகராமலே முகவரி மாறியிருக்கும். 1986 வரை திருநெல்வேலி மாவட்டம், பிறகு சிதம்பரனார் மாவட்டம், 1997 முதல் தூத்துக்குடி. பல்கலைக்கழக முத்திரையும் அப்படித்தான். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. கோவில்பட்டி ஜி. வெங்கடசாமி நாயுடு கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். நடுவில், 1978-இல் பள்ளியில் மேல்நிலை வகுப்பு வந்து, கல்லூரியில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு போனது. பழைய கல்லூரி ஒன்றில் ஒரு துறையின் பாட வேளை அந்த வருஷம் ஏன் சுருங்கியது என்று தேடுபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நிரந்தர ஆசிரியரின் கதை பணிப் பதிவேட்டில் இருக்கும்: சேர்ந்த நாள், ஊதிய உயர்வு, விடுப்பு, ஓய்வு. மூன்று மாத விடுப்பு இடத்துக்கு வந்து பாடம் நடத்திவிட்டுப் போனவருக்குப் பணிப் பதிவேடு ஏது? அவர் ஆண்டு மலரின் குழுப் படத்திலும் இருக்க மாட்டார். வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து, சம்பளப் பட்டியலில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் இன்னொன்று, அவ்வளவுதான். பட்டியல் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் புரட்டுவதில்லை. ஒரு துறையை நடத்தியவர்கள் யார் யார் என்று முழுதாகச் சொல்பவை இவைதாம் என்றே நான் நினைக்கிறேன். பட்டமும் பதவியும் மட்டும் கேட்கும் படிவத்தில் எத்தனையோ பேர் விடுபட்டுவிடுகிறார்கள். பக்கத்து இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கல்லூரிப் படியே மிதிக்காதவர். புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்து, நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டும் வேலையைக் கொடுத்தது. அவருக்கான தாளில் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்கள்?

பைண்டர் ஒரு வருகைப் பதிவேட்டை எடுத்தார். பழைய தையலை அறுத்து, பாரம் பாரமாகப் பிரித்தார். மடிப்பில் கிழிந்திருந்த தாள்களுக்கு மெல்லிய தாளைக் கிழித்து ஒட்டினார்; கத்தரித்தால் விளிம்பு தடிக்குமாம், கிழித்தால்தான் இழை கலந்து படியும். பிறகு நூலில் மெழுகு தேய்த்து ஒவ்வொரு பாரமாகக் கோத்துத் தைத்தார். இழுப்பு சற்றுக் கூடினாலும் அந்தத் தாள் கிழிந்துவிடும். அரை மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தைத்து முடித்ததும், கட்டை மிஷினில் வைத்து ஓரம் சீவ எழுந்தார். அந்த அம்மா சட்டென்று கை நீட்டித் தடுத்தார்.

“சீவிராதீங்க அண்ணாச்சி. ஓரத்துல எழுத்து இருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். அச்சடித்த கட்டத்துக்கு வெளியே, பொடி எழுத்தில், பிரசவ விடுப்புக்குப் பதிலாக வந்தவரின் பெயரும் சேர்ந்த தேதியும். அடுத்த பக்கத்திலும் அப்படி ஒன்று.

“ஓரம் ஏறி இறங்கி நிக்குமே தாயி, பாக்க நல்லாருக்காதே” என்றார் பைண்டர்.

“நிக்கட்டும்.”

அவர் கட்டை அப்படியே பலகைக்கடியில் வைத்து, மேலே கல்லைத் தூக்கி ஏற்றினார். காலிகோ துணி ஒட்டுவது மறுநாள்தான்.