திருத்தமும் கடைமடையும்

பிழையைக் காண்டல் அரிது. கண்ட பிழையைத் திருத்தல் அதனினும் அரிது. திருத்தத்தினுள் ஒளிந்து நிற்கும் பிழையைக் காண்டலோ எல்லாவற்றினும் அரிது. இவ்வுண்மையை யாம் நூல்களிற் கற்றோமல்லோம்; ஆராயாது இட்ட எமது கையொப்பமொன்றே எமக்கு இதனைக் கற்பித்தது. நம் கல்லூரி மாணவருள் நிரல் எழுதப் புகுவோர் பலராதலின், அவர்க்கு இஃது ஒருவாறு பயன்படுமெனக் கருதி எழுதுகின்றோம்.

2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யாம் எம் சொந்த ஊராகிய உத்திரமேரூரில் தங்கியிருந்தோம். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் உள்ளீடாகிய கர்னலில் அவ்வப்போது வெளிவரும் திருத்தங்களை ஆராய்ந்து, எம் அலுவலகத்துக் கணினிகளுக்கு ஏற்றதாக்கிச் சேர்ப்பது எம் தொழில். அம்மாதம் 17-ஆம் நாள், அக்கர்னலின் வலைத்தொடர்புப் பகுதியில் பெரும் பழுதொன்று உளதென்னும் செய்தி உலகெங்கும் பரவியது. அதனைக் கண்டறிந்தவர் நெட்பிளிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோனதன் லூனி என்பவர்.

அப்பழுதின் இயல்பைச் சுருங்கக் கூறுவாம். ஒரு கணினி மற்றொன்றுக்குச் செய்தி விடுக்குங்கால், அதனைச் சிறு சிறு துண்டுகளாக்கி அனுப்பும். பெறுவது, "இன்ன துண்டுகள் வந்தன, இன்னவை வந்தில" என்று விடையிறுக்கும். வந்துசேர்ந்த துண்டுகளை அனுப்பியது ஒரே கட்டாகச் சேர்த்து, அக்கட்டினுள் எத்தனை துண்டுகள் உளவென்று ஓர் எண்ணில் குறித்துக்கொள்ளும். அவ்வெண்ணுக்கு ஒதுக்கிய இடம் 16 பிட்டு; 65,535-க்கு மேல் அதனுள் அடங்காது. ஒரு கட்டில் 17 பகுதிகள் வரை இருக்கலாம். பகுதியொன்று 32 கிலோபைட்டு வரை கொள்ளும். வஞ்சகனொருவன் துண்டின் அளவை மிகக் குறுக்கி, ஒவ்வொன்றும் 8 பைட்டுச் செய்தியே சுமக்குமாறு செய்வானாயின், துண்டுகளின் தொகை 69,632 ஆகும். எண் தன் எல்லையைக் கடக்கும். கர்னல் தன் கணக்குப் பொய்த்தமை கண்டு உடனே நின்றுவிடும். தொலைவிலிருந்தே ஒருவன் ஒரு கணினியை இங்ஙனம் வீழ்த்தலாம். 2009-ஆம் ஆண்டு முதல் இப்பழுது ஒருவர் கண்ணிலும் படாது கிடந்தது.

அதனோடு அதன் உடன்பிறப்பாகிய பழுதொன்றும் வெளியாயிற்று. வஞ்சகமான விடைகளால் அனுப்புவோனது வரிசையை மேன்மேலும் நுண்துண்டுகளாக வெட்டச்செய்து, நினைவகத்தை வீணே நிரப்புதல் அது. இரண்டிற்கும் திருத்தம் எழுதியவர் எரிக் டூமாசே என்னும் வல்லுநர். முதலாவதை யாம் தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிட்டுப் பார்த்துத் தெளிந்தோம். இரண்டாவது மிகச் சிறிது. வரிசையின் சுமை, அனுப்புவதற்கென ஒதுக்கிய இடத்தின் அளவினும் இருமடங்குக்கு மேற்படின், மேலும் வெட்ட மறுத்துவிடு என்பதே அதன் சாரம். வரிகள் சில, எழுதியவரோ பெரியவர், காலமோ நெருக்கடி. படித்தோம், சரியெனத் தோன்றிற்று, 'ஆராய்ந்தோம்' என்று எம் பெயரை இட்டோம்.

சில நாட்களுள் எம் பொறுப்பிலிருந்த பழைய நிரலொன்று நடுவழியில் நின்றது. வஞ்சகர் எவரும் அதனைத் தீண்டிலர். சிக்கனம் கருதி, அனுப்பும் இடத்தை மிகச் சிறிதாகவே கேட்டு வாங்கும் பழக்கமுடையது அந்நிரல். இத்தகைய சிறியனவற்றின் சுமை, நேர்மையான வழியிலேயே சிற்சில வேளை இருமடங்கைத் தாண்டும். கர்னலும் அதுகாறும் அதனைப் பொறுத்து வந்தது. புதிய திருத்தமோ திருடனையும் ஏழையையும் ஒரே கோலால் அளந்தது. இழந்த துண்டை வெட்டி மீண்டும் அனுப்ப வழியின்றித் தொடர்பு உறைந்தது. இதனைக் கண்டுபிடிக்க எமக்கு இரண்டு இரவுகள் கழிந்தன. எம் பெயர் அத்திருத்தத்தின் அடியில் நின்று எம்மையே நோக்கி நகைப்பதுபோல் இருந்தது.

மறுநாள் மாலை மனம் சோர்ந்து ஏரிக்கரைமீது நடந்தோம். எம் தெருவினரும் நெடுங்காலம் நீர்க்கட்டியாக இருந்தவருமாகிய பெரியவர் ஒருவர் அங்கே அமர்ந்திருந்தார். "என்ன தம்பி, முகம் வாடிக் கிடக்கிறது?" என்றார். எம் தொழிலை அவர்க்கு விளங்கும் வகையில் சொன்னோம். அவர் நகைத்தார்.

"இதே கதை இங்கும் நடந்ததுண்டு, தம்பி. ஒரு வருஷம் மதகோரத்தில் நீர் கசிந்தது. வீணாகிறதே என்று நாங்களே கூடி நன்றாக அடைத்தோம். எல்லாரும் மெச்சினார்கள். பத்து நாள் கழித்துக் கடைமடையில் மூன்று வயல் காய்ந்து கிடந்தது. அந்தக் கசிவைக் கொண்டுதான் அவர்கள் பிழைத்து வந்திருக்கிறார்கள். ஓட்டை எங்கே என்று பார்த்தோம். அந்த நீர் எங்கே போகிறது என்று நடந்து பார்க்கவில்லை."

"பிறகு என்ன செய்தீர்கள், தாத்தா?"

"அடைப்பைப் பிடுங்கவில்லை. கடைமடைக்குத் தனியாய் ஒரு சிறு வாய்க்கால் விட்டோம்."

இச்சொல்லைக் கேட்டு வீடு திரும்புங்கால், ஊர் நடுவிலுள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்முன் நின்றோம். குடவோலை முறையைக் கூறும் அக்கல்வெட்டுகளை இளமை முதல் பன்முறை கண்டிருந்தும், அவை ஒன்றல்ல, இரண்டென்பதன் பொருள் அன்றுதான் எமக்குப் புலப்பட்டது. முதலாம் பராந்தக சோழனது 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல், ஒரு விதி வகுக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 921-இல், அதனைத் திருத்தி விரித்து மீண்டும் கல்லில் வெட்டினர். வாரியத்துக்கு உரியோர்தம் வயது முன்னதில் 30-க்கு மேல் 60-க்குள். பின்னதில் 35-க்கு மேல் 70-க்குள். முன்னை விதியை அழித்தாரல்லர். இரண்டும் இன்றும் அங்கே உள. அச்சபை நிலமும் மறையறிவும் உடைய அந்தணர்க்கே உரியதாயிருந்தது என்பதை மறத்தல் கூடாது. ஆயினும், தாம் எழுதியதில் குறை கண்டவிடத்துத் திருத்த நாணாமை போற்றத்தக்கதே.

பின்னை விதியில் மற்றுமொரு நுட்பம் உண்டு. ஒன்றும் அறியாச் சிறுவன் எடுத்துக் கொடுக்கும் ஓலையை, மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையிலே ஏற்று வாசித்தல் வேண்டும். அவன் வாசித்த அதே ஓலையை அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் வாசித்தல் வேண்டும். ஒருவன் வாசித்தான் என்பதனால் மற்றையோர் வாளாவிருத்தல் ஆகாது. யாம் செய்த தவறு இதுவே: பெரியவர் எழுதினார் என்று, யாம் வாசியாமலே வாசித்ததாக ஒப்பமிட்டோம்.

அதற்குள் கர்னலில் அத்திருத்தத்திற்கே ஒரு திருத்தம் ஜூன் மாதத்திலேயே வந்திருந்தது. இம்முறை வரிகளை மட்டும் படித்து அமைந்தோமல்லோம். மிகச் சிறிய இடம் கேட்கும் நிரலொன்றை யாமே எழுதி, துண்டுகளை வேண்டுமென்றே இழக்கச்செய்து சோதித்தோம். அது பின்னும் நின்றது. ஆதலின் ஒப்பமிடாது, கண்டதை எழுதித் தெரிவித்தோம். ஜூலை மாதத்தில் மற்றுமொரு திருத்தம் வெளிவந்தது. டூமாசே அதிலும் எல்லையை நீக்கிலர். சிறியவைக்கும் போதுமாறு அவ்வெல்லையின்மேல் சிறிது இடம் விட்டு அமைத்தார். கடைமடைக்கு ஒரு வாய்க்கால்! எம் சோதனை நிரல் தடையின்றி ஓடிற்று. அதன் பின்னரே எம் பெயரை இட்டோம்.

ஆராய்ந்தார் பெயரைக் குறிக்கும் வரி லினக்ஸ் உலகில் ஒரு வழக்கம். பழுதே இராதென்னும் உறுதிமொழி அன்று அது. ஈடுபட்டு ஆராய்ந்தேன், கண்ட குறையை உரைத்தேன் என்னும் சான்று. இவ்வளவே அது கேட்பது; இவ்வளவும் கேட்பது. மாணவ நண்பர்காள்! நாளை உம்முன் ஒரு திருத்தம் வைக்கப்படுங்கால், பழுது நீங்கிற்றா என்று மட்டும் வினவற்க. இதனால் எந்த வயல் காயும் என்றும் வினவுக. அதற்கு விடை கிடைக்கும்வரை உம் பெயர் உம்மிடமே இருக்கட்டும்.