முளை இருந்த இடம்

போளூரில் பேருந்து ஏறி ஜமுனாமரத்தூரில் இறங்கி, சாமைக் கொல்லைகளின் வரப்பில் ஒரு மணி நேரம் நடந்தேன். மாட்டுக் கொட்டகை ஒன்றை வீடாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போன வழி அது. மலையாளிக் குடும்பம். கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் பழங்குடியினர் இவர்கள்.

மாடுகளில் பாதியை விற்றாயிற்று. சின்ன மகனுக்குக் கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம். கொட்டகையின் கால்கள் இன்னும் கல்லாக இருக்க, புதிதாக எதற்கு ஒன்று?

நான் போனபோது சுவரை யாரும் தொடவில்லை. பெரியவர் ஒருவரும் இரண்டு பெண்களும் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு முழ ஆழம். மண் கறுத்து, கிளறினால் மூக்கில் ஏறியது.

"மூத்திரம் ஊறின மண்ணு சார். இதும்மேல சுவர் வெச்சா உப்பு ஏறும். ரெண்டு மழையில பொரிஞ்சு கொட்டிடும்" என்றார் பெரியவர்.

மிகையில்லை. இப்படி ஊறிய மண்ணைச் சுரண்டித்தான் ஒருகாலத்தில் வெடியுப்பு காய்ச்சினார்கள். பீகாரிலிருந்து அதைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றியது. இங்கே அந்த மண் கூடை கூடையாகச் சாமைக் கொல்லைக்குப் போனது.

பிறகுதான் சுவர். கால்களுக்கு நடுவே மூங்கில் தட்டி கட்டி, இருபுறமும் மண் அப்ப வேண்டும். முதல் நாள் ஊறப்போட்ட செம்மண்ணில் வைக்கோலைப் போட்டுப் பெண்கள் மிதித்தார்கள். பதம் எப்போது என்று கேட்டேன். ஒருத்தி குதிகாலைத் தூக்கிக் காட்டினாள்: மண் ஒட்டாமல் விட்டுவிட்டது. மேல்பூச்சுக்குப் புற்றுமண்ணும் சாணமும். கீழிருந்து மேலாக உள்ளங்கையால் இழுக்கிறார்கள். காய்ந்த சுவரில் விரல்தடம் விசிறி விசிறியாக நிற்கிறது.

கூரைதான் சிக்கல். மலைப்புல் முன்னைப்போல் கிடைப்பதில்லையாம். புல் வளர்ந்த சரிவையெல்லாம் உண்ணிச்செடி பிடித்துக்கொண்டது. வேயத் தெரிந்த ஆண்களோ வெளியூர்க் கட்டட வேலையில் இருக்கிறார்கள். ஊருக்குப் போய்க் கான்கிரீட் போடுகிறவர் பொங்கலுக்கு வந்தால்தான் சொந்தக் கூரைக்குப் புல் ஏறும். அதுவரை நீலத் தார்ப்பாய்.

கொட்டகை வீடாவது இங்கே மட்டுமில்லை. லண்டனில் 'மியூஸ்' என்று சில சந்துகள் உண்டு. முதலில் அந்தப் பெயர் அரசரின் வேட்டைப் பருந்துகள் இருந்த கூடத்துக்கு. 1534இல் எரிந்த பின் அங்கே குதிரை லாயம் எழுந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. அப்புறம் லாயத் தெருவெல்லாம் மியூஸ் ஆகி, மோட்டார் வந்து குதிரை போனதும் லாயங்கள் வீடாகின. இன்று அவற்றின் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். குதிரை நின்ற இடம் என்பதே அங்கே பெருமை.

இங்கே நடந்த கூத்து வேறு. எதிரிலேயே பழைய தொகுப்பு வீடு ஒன்று, உள்ளே நான்கு ஆடும் சாமை மூட்டைகளும். "மார்கழியில அதுக்குள்ள படுத்துப் பாருங்க, தெரியும்" என்றாள் மருமகள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம் ரூபாய்; 2030க்குள் குடிசையே இல்லாத தமிழ்நாடு என்பது இலக்கு. கணக்கெடுக்க வருகிறவர் இந்தக் கொட்டகையைக் குடிசை என்றுதான் எழுதுவார். எழுதட்டும், அந்தச் சுவரின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு எழுதினால் தேவலை.

குனிந்துதான் நுழைய வேண்டும். மாட்டுக்கு அந்த உயரம் போதும். முளை பிடுங்கிய குழிகளை அடைத்துவிட்டார்கள். நடுக்காலில் மட்டும் கயிறு உராய்ந்த பள்ளம், இடுப்புயரத்தில், கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. அதில் சுருக்குப் போட்டு முறத்தை மாட்டியிருந்தார்கள்.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். லேசாகச் சாய்ந்தது.

"வாட்டம் அப்படியே விட்டிருக்கேன். அன்னைக்கு மூத்திரம் போன வழி, இன்னைக்குக் கழுவுற தண்ணி போகும்" என்றார் பெரியவர்.

மருமகள் டம்ளரை எடுத்து மேட்டுப்பக்கம் வைத்தாள்.